ஓடைக்காக மண்டை உடைபட்ட திலகவதி

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மழைநீர் வடிகால் பாடம். கைபேசி மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான்காவது முறை எடுத்தேன். திலகவதியின் தம்பி குமரேசன். "சார், அக்கா போயிடுச்சி சார்" என்றார். அவர் வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்காமல் ஒரு அழைப்பும் வந்ததில்லை. அன்று கேட்கவில்லை. "காலையில குளிக்கப் போச்சி. ஃபிட்ஸ் வந்திருக்குது. கதவ ஒடச்சிக்கினு உள்ள போறதுக்குள்ள..." என்றார். பாதி வரைந்திருந்த படத்தைப் பலகையிலிருந்து அழித்துவிட்டு வகுப்பை முடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் கல்லூரியில் இரங்கல் கூட்டம். மாலை போட்ட படம், ஊதுவத்தி, மைக். பேசிய ஒருவர், "பேராசிரியர் திலகவதி சாந்தமே உருவானவர், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் இருந்த ஆய்வக உதவியாளர் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். அவர்மேல் திலகவதி ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரை வீசியிருக்கிறார், அது காதோரம் உரசிக்கொண்டு போய்க் கதவில் குத்தி நின்றது. அவரை அறிந்த நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் அவரிடம் திட்டு வாங்காதவர்கள்? இறந்தவரை நல்லவராகக் காட்ட வேண்டும் என்பதற்காக வேறொருவராக மாற்றி எரித்துவிடக் கூடாது. நான் அறிந்த திலகவதி அடித்தார், அடிவாங்கினார், அந்த அடியால்தான் செத்தார். தலையில் விழுந்த அடிக்குப் பிறகு வந்த வலிப்பு மூன்று வருடம் கழித்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அடித்தவர் யார் என்று எனக்குத் தெரியும். கேட்டபோது தெரியாது என்று சொன்னவன் நான். இந்த அஞ்சலியில் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேரில் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திலகவதி காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் வானூர்திப் பொறியியல் படித்து, பெங்களூரில் விமான இறக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பி, ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். நான் ஏழுமலை, அதே கல்லூரியில் நகரமைப்புத் துறை. ஊருக்கு வெளியே உள்ள கிராமத்தில் விவசாயக் குடும்பம். அவருக்கும் எனக்கும் வயது வித்தியாசம் இரண்டு வருடம்தான். ஆனாலும் நான் அவரை மேடம் என்றும் நீங்கள் என்றும் சொல்வேன், அவர் என்னை நீ என்பார். முதல் சந்திப்பில் முடிவான ஏற்பாடு அது.

அந்தச் சந்திப்பு கல்லூரியின் ஆய்வுத் திட்டக் கூட்டத்தில் நடந்தது. ஊரின் தென்பக்கம் வரப்போகும் குடியிருப்புக்காக நானும் என் மாணவர்களும் ஆறு வாரம் உட்கார்ந்து அட்டையிலும் களிமண்ணிலும் ஒரு மாதிரி நகரம் செய்திருந்தோம். சைக்கிள் பாதை, சூரிய மின்தகடு, பச்சைப் பஞ்சில் மரங்கள். இயற்கையோடு இசைந்த நகரம் என்று நான் ஏற்ற இறக்கத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, "எல்லாம் சரி, மழை பேஞ்சா தண்ணி எங்க போவும்?" என்றார். வடிகால் இருக்கிறது மேடம் என்றேன். "எங்க இருக்குது? காட்டு" என்று மேடைக்கே வந்துவிட்டார். நான் விரலை நீட்டுவதற்குள் கையில் இருந்த பெரிய தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் நகரத்தின்மேல் கவிழ்த்தார்.

தண்ணீர் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தேங்கி, ஆஸ்பத்திரிச் சுவரை ஊற வைத்துச் சரித்தது. பஞ்சு மரங்கள் மிதந்தன. எனக்குக் கண் மண் தெரியவில்லை. பாட்டிலைப் பிடுங்கப் போய் அவர் மணிக்கட்டை முறுக்கினேன். அவர் மறுகையால் என் கன்னத்தில் ஒன்று விட்டார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்வர் எழுந்து, டீ வந்துவிட்டதா என்று யாரிடமோ கேட்டார். மறுநாள் காலை திலகவதி என் அறைக்கு வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் இல்லை. "கன்னம் வீங்கலயே? உன் ஊரு பேப்பர்ல நிக்குதுபா, தரையில நிக்கல. வா, மேலருந்து பாக்கலாம்" என்றார். அப்படித்தான் நாங்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினோம். அவர் செய்யும் ஆளில்லா விமானம் ஊரின் மேல் பறந்து படம் எடுக்கும். அந்தப் படங்களிலிருந்து எந்தத் தெரு மேடு, எது பள்ளம், தண்ணீர் எப்படி ஓடும் என்று நான் வரைபடம் போடுவேன். ஊர் இனி எந்தப் பக்கம் வளரலாம், எந்தப் பக்கம் வளரவே கூடாது என்பதை அதை வைத்துச் சொல்வது எங்கள் ஆய்வு.

முதல் விமானத்தைப் பற்றிச் சொன்னால் அவரே சிரித்திருப்பார். மெதுவாக, தாழ்வாக, அதிக நேரம் பறக்க வேண்டும் என்பதற்காக மூங்கில் எலும்பும் பட்டுத் துணித் தோலுமாக இறக்கை செய்தார். துணி விறைப்பாக நிற்க அதன்மேல் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு பூச வேண்டும், எல்லா நாட்டிலும் அதுதான் வழக்கம். திலகவதி சோற்றுக் கஞ்சி போட்டார். அவர் வீட்டில் தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குப் போடுகிற அதே கஞ்சி. "பட்ட விறைப்பா நிக்க வெக்கிறதுக்கு எங்களுக்கு எவனும் சொல்லித் தர வேணாம்" என்றார். கோடை முழுக்கத் திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் வெட்டவெளியில் அருமையாகப் பறந்தது. பிறகு மார்கழி வந்தது. அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் நெசவாளர் தெருக்களின் மேல் பறக்கவிட்டோம். பனி ஏறிக் கஞ்சி இளகிவிட்டது. இறக்கைத் துணி தொளதொளத்து, விமானம் பக்கவாட்டில் சாய்ந்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த ஒரு பட்டுப் பாவின் நடுவே போய் விழுந்தது. சுழலி நிற்பதற்குள் நூற்றுக்கணக்கான இழைகளை அறுத்துப் போட்டது.

பாவுக்குச் சொந்தக்காரர் தடியோடு ஓடிவந்தார். "எவன்டா அவன்? இன்னா வெளாட்டுடா இது? கல்யாணப் பொடவடா!" என்று கத்தியபடி விமானத்தை அடிக்க ஆரம்பித்தார். நான் தடுக்க ஓடினேன். திலகவதி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "வுடு. ஒடைக்கட்டும். கஞ்சி போட்டது நானு" என்றார். அந்த மனிதர் இறக்கையை, வாலை, மோட்டாரை, எங்கள் கேமராவை, ஒன்று விடாமல் நொறுக்கினார். இரண்டாவதாக வந்தவர் திலகவதியின் முதுகிலேயே ஒன்று வைத்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் ஓய்ந்ததும் தெருவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கத் தொடங்கினார். தடிக்காரர் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?" என்றார். அப்பா பேரைச் சொன்னார் திலகவதி. "அவர் பொண்ணா இந்த வேல செய்யுது?" என்று மறுபடி திட்ட ஆரம்பித்துவிட்டார். பொழுது சாயும்வரை திலகவதி எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தப்பு நம்மளுதுன்னா அடி வாங்கணும்பா. நம்மளுது இல்லன்னா திருப்பி அடிக்கணும். நடுவுல நின்னுக்கினு இருக்கக் கூடாது." சரிதான் மேடம் என்றேன். அப்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துப் புதிதாகச் சேரும் மாணவர்கள் பயப்படுவார்கள். இறக்கை ஒன்று செய்து முடித்ததும் அதைத் தலைகீழாகப் பூட்டி, மேலே மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்வார். உடையும்வரை அடுக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்ததை மடேரென்று முறிக்கும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே! ஒருமுறை முறிந்த சிலாம்பு தெறித்துப் புருவத்தைக் கிழித்துவிட்டது. கண்ணெல்லாம் ரத்தம். பஞ்சு தேடி ஓடிய மாணவியைப் பார்த்து, "மொதல்ல எழுதும்மா, எத்தினியாவது மூட்டையில ஒடஞ்சிச்சி?" என்று கத்தினார். "எங்க ஒடையும்னு தெரியாத றெக்கய நான் மேல அனுப்ப மாட்டேன்" என்பது அவர் எப்போதும் சொல்வது. எங்கள் ஆய்வின் அடிப்படையே அதுதான். நகரமைப்பில் நாங்கள் ஊர் எப்படி அழகாக நிற்கும் என்று வரைவோம். அவர், ஊர் எங்கே முறியும் என்று முதலில் பார் என்றார். கணினியில் ஊரை வைத்து அதன்மேல் மழையை ஏற்றினோம். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் முதலில் முறிந்தது ஒரே இடம்.

அது ஊருக்கு மேற்கே இருக்கும் ஏரியின் உபரிநீர் பாலாற்றுக்குப் போகும் ஓடை. செவிலிமேட்டைத் தாண்டி அதன் வழியை மறித்து ஒரு மனைப்பிரிவு வந்திருந்தது. அலங்கார வளைவு, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், ஏற்கெனவே குடிவந்துவிட்ட இரண்டு தெருக்கள். அந்த மனைப்பிரிவைப் போட்டவர் தேவராஜ், என் அக்காவின் கணவர். அப்பா இறந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். என் தலையில் கைவைத்து, இவன் இனிமே எங்க வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். ஏர் ஓட்டியவர், டிராக்டர் வாங்கி, நிலம் வாங்கி விற்று, கட்சியில் பதவிக்கும் வந்துவிட்டார். வரைபடத்தில் ஓடை அவர் நிலத்துக்குள் நுழைந்த அன்றே, அது என் மாமாவின் இடம் என்று திலகவதியிடம் சொல்லிவிட்டேன். "சரி. அப்ப நீ அந்தக் கோட்டப் போடாத. நான் போடுறேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அக்காவும் என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மாமா சொன்னார்: "ஏழுமல, அந்த ஓடையக் கொஞ்சம் தள்ளிப் போடேன்பா. கோடுதான?" கோடு இல்லை மாமா, அது தண்ணீர் என்றேன். "தண்ணியப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? நானே ஏர் ஓட்டுனவன்" என்று சிரித்தார். துண்டில் கையைத் துடைத்தார். "அந்தம்மா கிட்ட நல்லபடியா சொல்லு. பொம்பள, பாவம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. நானும் சிரித்து வைத்தேன். திலகவதியிடம் இதை நான் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, மழைக்காலத்துக்கு முன்பு கடைசியாக ஒருமுறை பறக்கவிடப் போனோம். காலை எட்டு மணி இருக்கும். மனைப்பிரிவை ஒட்டிய பொதுச் சாலை. விமானம் இறங்கி நின்றதும் ஒரு கார் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவன் விமானத்தைத் தூக்கித் தரையில் அடித்தான். திலகவதி ஓடிப்போய் முறிந்த இறக்கையின் நடுத்தண்டை உருவி அவன் முழங்காலில் விளாசினார். அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டாமவன் அவர் புடவையைப் பிடித்தான், அவன் மூக்கிலேயே குத்தினார். அப்போது காரிலிருந்து ஐந்தாவதாக மாமா இறங்கினார். கையில் மனைக்கல் ஊன்றும் ஆட்கள் வைத்திருக்கும் இரும்புக் குழாய். அவர் நின்றது திலகவதியின் முதுகுப் பக்கம். நான் பத்தடி தூரத்தில் நின்றேன், வாயைத் திறந்தால் போதும். மாமா குழாயை ஓங்கியதையும் பார்த்தேன், இறக்கியதையும் பார்த்தேன். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. திலகவதி முகம் குப்புற விழுந்தார், கால்கள் இழுத்துக்கொண்டன. இரண்டாவது அடியும் விழுந்தது. பிறகு மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போபா. அக்கா இட்லி வெச்சிருக்கா, சாப்டுட்டுப் போ" என்றார். எப்போதும் பேசுகிற அதே குரல்.

அவர்கள் போன பிறகுதான் என் கால்கள் நகர்ந்தன. ஆட்டோவில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மண்டையோட்டில் விரிசல், அறுவை சிகிச்சை. மதியம் அக்கா வந்தாள். தாழ்வாரத்தில் எல்லோர் எதிரிலும் என் நெஞ்சில் குத்தினாள். "அவரு இல்லன்னா நீ இன்னைக்கு மாடு மேய்ச்சிக்கினு இருப்ப. வாயத் தொறந்த, நான் செத்துப் போயிட்டேன்னு நெனச்சிக்கோ" என்றாள். சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். யார் என்று பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், சரியாகப் பார்க்கவில்லை என்றேன். யார் முகத்திலும் கைக்குட்டை இருக்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன்.

ஆறாம் நாள் திலகவதி பேசினார். மொட்டைத் தலை, கட்டு, ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. "போலீஸ் இன்னா கேட்டாங்க?" என்றார். யாரென்று கேட்டார்கள், பார்க்கவில்லை என்று சொன்னேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வீசினார். வெந்நீரோடு அது என் தோளில் பட்டு விழுந்தது. நான் குனிந்து எடுத்து வைத்தேன். "சரி, போவுது. ஓட எங்க ஓடுதுன்னாவது சொல்லுவியா?" என்றார். சொல்வேன் மேடம் என்றேன். அவ்வளவுதான். யார் அடித்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டார். வலிப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, கைநடுக்கத்தோடு, எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வரைபடத்தை முடித்தார்.

ஓடை விஷயத்தில் மட்டும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதிகாரிகள் கூட்டத்தில் வரைபடத்தை வைத்து, ஓடை எங்கே ஓடுகிறது, எந்த இரண்டு தெருவுக்கு முதலில் வெள்ளம் வரும் என்று சொன்னேன். மாமா அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை. இதுவே பெரிய தியாகம் என்று நான் நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓடையைச் சரியாகச் சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டதற்குக் கணக்கு நேராகிவிட்டது என்று எனக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மழை வந்தது. ஏரி நிரம்பி இரண்டாம் நாள் காலை, வரைபடத்தில் சிவப்பாகப் போட்டிருந்த அதே தெருக்களில் தண்ணீர் ஏறியது. திலகவதி தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் ஒரு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, கையில் வரைபடத்தோடு தெருத் தெருவாகக் கத்தினார். "மூணாவது வூடு, நீல கேட்டு, வெளிய வாங்க! இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க வூட்ல இடுப்பளவு தண்ணி!" வர மறுத்த ஒரு ஆளை அறைந்து ஏற்றினார். முதல் தெருவின் கடைசி வீடு என் அக்காவுடையது. மாமா கட்சி வேலையாக வெளியூர் போயிருந்தார். அக்கா தனியாக இருந்தாள். திலகவதியைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். "இந்தம்மா கூப்ட்டு நான் வரணுமா? எங்க வூடு எங்கியும் போவாது!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

திலகவதி கதவை உதைத்துத் திறந்தார். தண்ணீர் அப்போது மார்பளவு. அக்கா அவரைக் கடித்தாள், நகத்தால் கிழித்தாள். அவர் அக்காவின் கொண்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்தார். நான் வெளியே மின்கம்பத்தில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருவரும் கயிற்றைப் பிடித்து நான்கு அடி வந்திருப்பார்கள், சுற்றுச்சுவர் முழுசாகச் சரிந்து அந்த வாசலை மூடியது. சுவர் விழுந்த இடத்தில் வெள்ளம் ஆறு மாதிரி பாய்ந்தது. ஆட்டோவில் அக்கா தண்ணீரை வாந்தி எடுத்தாள், திலகவதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "வாயில இன்னும் எத்தினி பல்லுதாம்மா வெச்சிருக்க, இந்தக் கடி கடிக்கிற?" என்றார். தன் துப்பட்டாவைப் பிழிந்து அக்காவுக்குத் தலை துவட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அதைத் தள்ளிப் போட்டேன்.

துக்க வீட்டுக்கு அக்காவும் வந்தாள். திலகவதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, சத்தம் போட்டு அழுதாள். அந்த அழுகை நடிப்பில்லை. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே என்ன நினைக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். "போனவங்க திரும்பியா வரப் போறாங்க? இனிமே எதுக்குடா?" என்றாள். அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாமாவுக்கும் வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு.

எரித்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் குமரேசன் என் பக்கத்தில் நடந்து வந்தார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அக்காவுக்குத் தெரியும் சார்" என்றார். என்ன என்றேன். "உங்க மாமான்னு. ஆஸ்பத்திரியில உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிப் போச்சாம். அப்ப ஏன்கா அவர் கிட்ட கேக்க மாட்டேங்குறன்னு நான் சண்ட போட்டேன். 'நான் கேட்டா சொல்லிடுவான்டா. அப்புறம் எனக்காகச் சொன்னதா ஆயிடும். அவனா வந்து சொல்லணும், சொல்லுவான், பாத்துக்கினே இரு'ன்னு சொல்லும்." கொஞ்ச தூரம் போனதும், "மாத்திர போடும்போது கூட, இன்னிக்கும் வாயத் தொறக்கலடா அந்தாளுன்னு சிரிக்கும் சார்" என்றார். மூன்று வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்து ஒருவர் காத்திருக்கிறார், நான் அதை மறதி என்றும் மன்னிப்பு என்றும் நினைத்து டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திலகவதியின் இறக்கைகளும் கணக்குப் புத்தகங்களும் அவர் துறைக்குப் போய்விட்டன. வரைபடங்கள் மாணவர்களிடம் இருக்கின்றன, அந்த வேலை நிற்காது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அவர் கேட்காமலே விட்டுப்போன அந்தக் கேள்வியை மட்டும்தான். சாகும்வரை அது என்னோடு இருக்கும். பதிலை முந்தாநாள் காவல் நிலையத்தில் போய் எழுதிக் கொடுத்தேன். இடம், நேரம், இரும்புக் குழாய், இரண்டு அடி, தேவராஜ், என் மாமா. பொய் சொன்னதற்கு என்மேலும் வழக்கு வரலாம் என்றார்கள். வரட்டும். அக்காவின் வீட்டுக் கதவு இனித் திறக்காது.

நிலையத்தில் இருந்த ஆய்வாளர் புதியவர், சின்ன வயது. பழைய கோப்பைத் தேடி எடுத்துவரச் சொல்லி, நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். "இத்தினி வருஷமா ஏன் சார் சொல்லல?" என்றார்.

"அவங்க கேக்கவே இல்ல சார்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கோப்பில் ஒரு தாளைத் தேடிப் பிடித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "நாங்க கேட்டோமே சார்" என்றார்.

பார்த்தேன். கேள்வி இருந்தது. கீழே, பார்க்கவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது.